பழைய அம்பிளிபயரை வைத்திருப்பதா, எறிவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேலோ சாமான் அறையின் மூலையிலோ, துணி போர்த்தி வைக்கப்பட்ட பாரமான பெட்டியொன்று இருக்கிறது. முன்பக்கத்தில் வெள்ளி நிறத் தகடு. அதிலே நாலைந்து திருகுகள். பின்பக்கத்தில் கம்பிகளைச் செருகும் துளைகளின் வரிசை. பழைய இரும்பு வாங்குபவர் படலைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டிலே ஒரு சிறு விவாதம் நடைபெறுகிறது. கொடுத்துவிடலாம் என்கிறார்கள் இளையவர்கள். இருக்கட்டும் என்கிறார்கள் முதியவர்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டு உறவினர், அங்கே இதற்கு நல்ல விலை உண்டு என்று சொல்லி விவாதத்தை மேலும் குழப்பிவிட்டுப் போகிறார். பெட்டி மீண்டும் அலுமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது.

வீட்டுச் சாமான் ஒன்றைப் பற்றிய இந்த அற்ப விஷயத்துக்குச் சரித்திரக் கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அரசர்களின் வாளையும் முடியையும் அரும்பொருட்சாலையில் வைத்துப் பார்ப்பது மட்டுந்தான் சரித்திரம் என்றால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு சமுதாயம் யாருடைய குரலைக் கேட்டது, யாருடைய குரலைக் கேட்க மறுத்தது, கேட்பதற்கான கருவியை எந்தப் பணத்தில் வாங்கியது, எந்த ஆண்டில் அக்கருவி ஊமையாயிற்று என்பவையும் சரித்திரமே. அந்தச் சரித்திரத்தை அறியாமல் பெட்டியை வைத்திருப்பதும் சரியன்று, எறிவதும் சரியன்று.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. ஒன்று சந்தையின் பதில்: விலை கிடைத்தால் விற்றுவிடு, கிடைக்காவிட்டால் எறிந்துவிடு. மற்றது ஏக்கத்தின் பதில்: பழையது எல்லாம் பொன், தொடாதே. முதலாவது பதில் பொருளின் பயன்மதிப்பை மறந்து பரிவர்த்தனை மதிப்பை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது பதிலோ எந்த மதிப்பையும் ஆராயாமல் கண்ணை மூடிக்கொள்கிறது. நாம் இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறொரு வழியிலே விசாரணையை நடத்த முற்படுகிறோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இலங்கைப் பாடநூல்கள் இக்கருவியை விரியலாக்கி என்கின்றன. கடைத்தெருவில் இதற்கு அம்பிளிபயர் என்றே பெயர். நாமும் அப்படியே அழைப்போம். இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ள நமது தோட்டங்களுக்குப் போனாலே போதும். கிணற்றிலிருந்து இறைக்கப்பட்ட தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது. தண்ணீர் மாறுபவர் ஒரு பிடி மண்ணை எடுத்து அணைக்கிறார், வெட்டிவிடுகிறார். சிறிய கையசைவு பெரிய நீரோட்டத்தை ஆளுகிறது. அம்பிளிபயரிலும் அதுவே நடக்கிறது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மின்னசைவு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த மெல்லிய அசைவு, மின்சாரச் சபையின் கம்பியிலிருந்து வரும் பெரிய ஓட்டத்தைத் தன் வடிவத்துக்கேற்ப ஏறவும் இறங்கவும் செய்கிறது. அந்தப் பெரிய ஓட்டமே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அதிரவைக்கிறது.

1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் இரண்டு மின்வாய்களைக் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் மூன்றாவது மின்வாய் ஒன்றைப் புகுத்தினார். அந்த மூன்றாவது மின்வாய்தான் வாய்க்காலை அணைக்கும் ஒரு பிடி மண். 1947இன் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. நெருப்பாய்ச் சுடும் கண்ணாடிக் குழாய் செய்த வேலையைக் கடலை அளவான திண்மப் பொருள் செய்யத் தொடங்கியது. இடதுபுறத்து ஒலியையும் வலதுபுறத்து ஒலியையும் தனித்தனியே பதிந்து தனித்தனியே ஒலிக்கச் செய்யும் முறைக்கு, 1931இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆலன் புளும்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆயினும் அம்முறையிலான இசைத்தட்டுக்கள் 1957, 1958ஆம் ஆண்டுகளிலேயே கடைகளுக்கு வந்தன. ஸ்டீரியோ அம்பிளிபயர் என்பது வேறொன்றுமில்லை. ஒரே பெட்டிக்குள் வாழும் இரண்டு அம்பிளிபயர்கள்.

இத்தனை பேருடைய உழைப்பும் அறிவும் சேர்ந்த கருவி நமது மண்ணுக்கு வந்தபோது என்ன செய்தது என்பதே நமது கேள்வி.

கோயில் வீதியில்

குடாநாட்டில் அம்பிளிபயர் முதலில் வீட்டுக்குள் வரவில்லை, வீதிக்குத்தான் வந்தது. நமது பழைய கலைகள் கருவியின் உதவியின்றி வெட்டவெளியிலே கேட்கத்தக்கவையாக வளர்ந்தவை. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்காகவே அமைந்தவை. கூத்தரும் இசைநாடக நடிகரும் கடைசி வரிசையில் பாய் விரித்துக் குந்தியிருப்பவருக்கும் எட்டவேண்டும் என்பதற்காகவே குரலை உச்சத்தில் நிறுத்திப் பழகினர். ஒலிவாங்கி வந்ததும் இந்த நிலைமை மாறியது. மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது. அதேவேளையில், குரலின் பலத்தால் வாழ்ந்த கலைஞன் கருவிக்காரனை எதிர்பார்க்கும் நிலையும் உண்டாயிற்று.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி வானொலி ஒலிபரப்பு முறையாக ஆரம்பமாயிற்று. 1949இல் அது றேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டிலிருந்து இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழரும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பினர். வானொலி கற்பித்த இந்தச் செவிப்பழக்கம் ஊர்களில் ஒரு தொழிலை வளர்த்தது. அதுவே ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் தொழில். புனல் வடிவான ஒலிபெருக்கிகளைப் பனைகளிலும் கம்பங்களிலும் கட்டி, கார்ப் பற்றரியிலோ மின்பிறப்பாக்கியிலோ வால்வு அம்பிளிபயரை இயக்கி, கோயில் திருவிழாவையும் கல்யாணத்தையும் அரசியற் கூட்டத்தையும் மரண அறிவித்தலையும் அடுத்த ஊர்வரை கொண்டுசென்றவர்கள் இத்தொழிலாளிகளே. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தை விடியவிடியக் கேட்ட தலைமுறைக்கு, அந்த இரவுகளின் ஞாபகத்தில் புனல் ஒலிபெருக்கியின் கரகரப்பும் சேர்ந்தே இருக்கிறது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கவேண்டும். கோயிலின் உள்வீதியில் ஒலித்த தேவாரத்தையும் தவிலையும் ஒலிபெருக்கி மதிலுக்கு வெளியே கொண்டுவந்தது. சாதியின் பெயரால் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் குடிசைகளுக்கும் அவ்வொலி போயிற்று. ஒலி போன இடத்திலிருந்து மனிதன் வருவதற்கு மாத்திரம் வழி திறக்கப்படவில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறியது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்வதற்காகப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. விஞ்ஞானம் ஒரு மதிலைக் கடந்துவிட்டது என்பதனால் சமுதாயமும் அதைக் கடந்துவிட்டது என்று எண்ணுவது பேதைமை. ஒலிபெருக்கிக்குச் சாதி கிடையாது. அதை எங்கே கட்டுவது, யார் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது என்று தீர்மானித்தவர்களுக்கு அது இருந்தது. அந்தக் கருவியை இன்று கையில் எடுக்கும் மாணவன் இதையும் சேர்த்தே அறியவேண்டும்.

வெங்காயமும் ஸ்டீரியோவும்

வீட்டு ஸ்டீரியோவின் கதை இன்னும் சுவையானது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் தடைப்பட்டதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் விளைச்சலுக்கு முன்னர் காணாத விலை கிடைத்தது. கல் உடைத்து, மண் சுமந்து, கிணறு வெட்டிப் பயிர் செய்த கைகளில் முதன்முறையாகக் காசு புரண்டது. கொழும்பிலும் வேறிடங்களிலும் துணிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவர்கள் சபித்த அதே ஆண்டுகளைக் குடாநாட்டுத் தோட்டக்காரர் பொற்காலமாக நினைவுகூருகின்றனர். ஆனால் அந்தக் காசுக்கு வாங்க ஸ்டீரியோ இல்லை. வெங்காயத்தைத் தடுத்த அதே கட்டுப்பாடு வானொலிப் பெட்டியையும் தடுத்தது.

1977 யூலைத் தேர்தலின் பின்னர் வந்த அரசாங்கம் பொருளாதாரத்தின் கதவுகளைத் திறந்துவிட்டது. யப்பானின் நஷனல், சோனி, சன்சுயி, பயனியர், அக்காய் என்னும் பெயர்கள் கடைக் கண்ணாடிகளுக்குள் மின்னத் தொடங்கின. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்ற இளைஞர்கள் திரும்பும்போது ஸ்டீரியோப் பெட்டியோடு வந்திறங்கினர். கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் பட்டினத்தில் பெருகின. அதே கதவினால் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உள்ளே வந்தன. தோட்டக்காரரின் விலை விழுந்தது. ஸ்டீரியோவை வாங்கக்கூடியதாகக் காசு வைத்திருந்தவன் காலத்தில் ஸ்டீரியோ இல்லை. ஸ்டீரியோ வந்த காலத்தில் அவனுடைய வருமானம் சரிந்துகொண்டிருந்தது.

ஆகவே அலுமாரியின் மேலிருக்கும் பெட்டியின் பின்புறத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த நாட்டில் செய்யப்பட்டது, எத்தனை வோல்ட் மின்சாரத்துக்கு அமைந்தது என்பன அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டு முதியவரிடம் அது எந்த ஆண்டில், யார் உழைப்பினால் வந்தது என்று விசாரியுங்கள். பொருளாதாரப் பாடநூலின் ஓர் அத்தியாயம் அந்தப் பெட்டிக்குள் கிடப்பதைக் காண்பீர்கள்.

மின்சாரமற்ற ஆண்டுகள்

1981 மே மாத இறுதியில் தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1983 யூலைப் படுகொலைகளோடு நாடு முழுதான யுத்தத்துக்குள் விழுந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தனர். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

அந்த ஆண்டுகளில் ஸ்டீரியோ அம்பிளிபயருக்கு நேர்ந்ததை ஒரு சிறு கணக்கு விளக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் கொடுக்கும். சிறிய திரான்சிற்றர் வானொலிக்கு ஒரு வாட்டுக்குக் குறைவாகவே போதும். ஆகவே ஒருவர் சுற்ற மற்றவர்கள் பி. பி. சி. தமிழோசையின் செய்தியைக் கேட்டார்கள். ஸ்டீரியோ அம்பிளிபயரோ பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் முப்பது நாற்பது வாட் கேட்கும். நல்ல தேகபலமுள்ளவர் தொடர்ந்து மிதித்தாலும் ஏறத்தாழ 75 வாட்டுக்கு மேல் உண்டாக்குவது கடினம். எனவே வீட்டின் பெருமையாக இருந்த பெரிய பெட்டி ஊமையாயிற்று. ஏளனமாகப் பார்க்கப்பட்ட சின்ன வானொலி வீட்டின் உயிராயிற்று. டைனமோ தருவது திசை மாறும் மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுவது. அந்த மாற்றத்தைச் செய்ய இருவாயியும் கொள்ளளவியும் தேவை. புதிய உதிரிப்பாகம் கிடைக்காத ஊரிலே, பழுதான பெட்டிகள்தாம் உதிரிப்பாகக் கடைகள். பழையதை எறியாமல் வைத்திருந்த வழக்கம் அன்று ஒரு சமுதாயத்தின் செவியைத் திறந்து வைத்தது.

1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கி ஒரே இரவில் நடக்கத் தொடங்கினர். செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தினூடாகவும் சென்றவர்கள் குழந்தைகளையும் முதியோரையும் சுமந்தார்கள். காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் எடுத்துச் சென்றார்கள். பதினைந்து கிலோ பாரமான அம்பிளிபயரை யார் சுமப்பார்? மறு ஆண்டில் திரும்பி வந்தோர் பலர் கண்டது கதவுகளும் ஓடுகளுமற்ற வீடுகளை. ஆகையால் 1995க்கு முந்திய அம்பிளிபயர் ஒன்று குடாநாட்டில் இன்றும் இருக்குமானால், அது நூலகத்தின் சாம்பலிலிருந்து தப்பிய ஏட்டுக்கு நிகரான ஒரு சான்று. அது எவ்வாறு தப்பியது என்ற கதையை எழுதி வைக்காமல் அதை விற்பதும் எறிவதும் ஒன்றே.

நான்கு கேள்விகள்

தப்பியது என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு பெட்டியையும் வைத்திருக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குவித்து வைப்பது காப்பதாகாது. ஒரு பெட்டியை வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: அது ஆபத்தற்றதா? பல ஆண்டு தூங்கிய அம்பிளிபயரை ஆவலோடு சுவரில் செருகுவது பெருந்தவறு. உள்ளேயிருக்கும் மின்பகுபொருட் கொள்ளளவிகள் வெப்பத்தினாலும் வயதினாலும் காய்ந்துபோயிருக்கும். மின்கம்பியின் உறை வெடித்திருக்கும். கடற்காற்றின் உப்பு இணைப்புக்களைத் தின்றிருக்கும். வால்வுப் பெட்டிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். எனவே தொழில் தெரிந்தவர் மட்டுமே அதைத் திறக்கவேண்டும். அவர் முதலில் ஓர் இழை மின்குமிழைத் தொடராக இணைத்துச் சோதிப்பார். உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் குமிழ் முழுப் பிரகாசத்தோடு எரிந்து எச்சரிக்கும், பெட்டி எரியாது. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பெட்டிகள் 100 வோல்ட்டுக்கு அமைந்தவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது: திருத்த முடியுமா? இதற்கு நிலைமாற்றியே திறவுகோல். கொள்ளளவிகளும் தடையிகளும் மலிவானவை, எளிதில் மாற்றத்தக்கவை. மின் நிலைமாற்றி எரிந்திருந்தால், அதைச் சுற்றிக் கொடுக்கும் தொழிலாளி அருகில் இருந்தாலொழிய, செலவு பெட்டியின் பயனை விஞ்சிவிடும். வால்வுகள் ருசியாவிலும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் செய்யப்படுகின்றன. பல யப்பானியப் பெட்டிகளில் வெளியீட்டுப் பகுதி முழுவதையும் ஒரே கட்டியாக அடக்கிய கலப்பினச் சுற்றுக்கள் இருக்கும். அவற்றின் அசல் கிடைப்பது அரிது, போலி கிடைப்பது எளிது. இவ்வகைப் பெட்டி பழுதாகியிருந்தால் நம்பிக்கை வைப்பது வீண். தனித்தனித் திரான்சிற்றர்களால் ஆனது என்றால் நம்பிக்கைக்கு இடமுண்டு.

மூன்றாவது: அதற்குச் செய்ய வேலை உண்டா? பாட்டுக் கேட்பதற்கு மாத்திரம் என்றால், உள்ளங்கையில் அடங்கும் புதிய அம்பிளிபயர் பலகை அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும். பழைய பெட்டி சும்மா இருக்கையில் 40 வாட் உண்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் எரிந்தால் மாதத்தில் ஏறத்தாழ 5 அலகு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதை அனுபவித்த குடும்பங்கள் இந்தக் கணக்கை அற்பமென்று தள்ளமாட்டா.

ஆனால் பழைய ஸ்டீரியோ அம்பிளிபயரில், புதியவற்றில் பெரும்பாலும் இல்லாத ஓர் உறுப்பு உண்டு. அதுதான் இசைத்தட்டுக்கான போனோ நுழைவாயில். இசைத்தட்டு பதியப்படும்போது தாழ்ந்த சுரங்கள் குறைக்கப்பட்டு உயர்ந்த சுரங்கள் கூட்டப்படுகின்றன. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்ய வேண்டும். 1954 அளவில் பொதுவழக்கான அந்த முறைக்கேற்பச் சமன்செய்யும் சுற்று போனோ நுழைவாயிலுக்குள் இருக்கிறது. பெட்டியின் பின்புறத்தில் பதிவுக்கான வெளியீட்டுத் துளையும் இருக்கும். இசைத்தட்டு இயக்கியை ஒரு பக்கத்திலும் கணினியை மறுபக்கத்திலும் இணைத்தால், அலுமாரிப் பெட்டி ஆவணக் காப்பகத்தின் கருவியாக மாறிவிடுகிறது. நாடாப் பதிவு இயந்திரத்தையும் இவ்வாறே இணைத்து, பிரதி சரியாகப் பதிகிறதா என்று காதால் சோதித்துக்கொள்ளலாம்.

நான்காவது: அதை வைத்துக் கற்க ஆள் உண்டா? இன்றைய கருவிகளின் உள்ளே நகத்தளவு சில்லு ஒன்றே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் மாணவன் எதையும் காணமாட்டான். பழைய அம்பிளிபயரில் நிலைமாற்றி, நேராக்கி, கொள்ளளவி, திரான்சிற்றர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக நிற்கின்றன. உயர்தர வகுப்புப் பௌதிகத்தின் பல பக்கங்களை அது ஒரே மேசையில் விரித்துக் காட்டும். மின்சாரம் துண்டித்துப் பாதுகாப்பாக்கப்பட்ட பெட்டியாயின், ஒலிக்காவிட்டாலும் கற்பிக்கும்.

இந்நான்கு கேள்விகளில் முதலாவதற்கு இல்லை என்ற பதில் வந்து, அதைத் திருத்தவும் வழியில்லையென்றால் வேறு எதுவும் பேசவேண்டியதில்லை. முதல் இரண்டுக்கும் ஆம் என்ற பதிலும், பின்னிரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் என்ற பதிலும் கிடைத்தால் பெட்டியை வைத்திருக்கவேண்டும். திருத்த முடியாதது, ஆனால் கற்பிக்கத் தக்கது என்றால் அதன் இடம் வீடு அன்று, பள்ளிக்கூடம்.

எதை இழக்கப் பார்க்கிறோம்?

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. ஏனென்றால் நமது வீடுகளில் அம்பிளிபயர் மட்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில் கசெற்றுப் பெட்டியும் சில வேளைகளில் சுருள் நாடாவும் இருக்கின்றன. தவில்மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயது அளவிலேயே மறைந்தார். தமிழகத்தின் பெரும் நாதஸ்வர வித்துவான்களும் தம்மோடு வாசிக்க விரும்பி அழைத்த அந்தக் கைகளின் ஒலியை இன்றைய தலைமுறை எப்படி அறிகிறது? கச்சேரிகளில் யாரோ ஒருவர் நாடாவில் பிடித்து வைத்ததனால்தான். 2015ஆம் ஆண்டில் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. பதிவுகள் எஞ்சியிராவிட்டால், அத்தகைய படத்தில் புகழுரை மட்டுமே இருந்திருக்கும், தவில் இருந்திராது.

புகழ்பெற்ற கலைஞருக்கேனும் பிரதிகள் பல இருக்கலாம். ஊர்க்கோயில் இசைநாடகத்துக்கு, சனசமூக நிலைய விழாப் பேச்சுக்கு, வயல்வெளிப் பாட்டுக்கு, பேத்திக்குக் கதை சொல்லிய பாட்டியின் குரலுக்குப் பிரதி ஏது? உழைக்கும் மக்களின் சரித்திரம் ஏட்டில் எழுதப்பட்டதைக் காட்டிலும் வாயால் பேசப்பட்டதே அதிகம். அந்தப் பேச்சு தற்செயலாகப் பதிந்துகிடக்கும் இடம் இந்த நாடாக்களே. நாடாவின் மேற்பூச்சு நமது ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்து உதிர்கிறது. 1981இல் நூல்களை எரிப்பதற்கு நெருப்பு வேண்டியிருந்தது. நாடாக்கள் அழிவதற்கு நமது அசட்டை ஒன்றே போதும்.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, எரிந்துபோனவற்றின் இடத்தில் பல்லாயிரம் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் படிக்கத்தக்கதாக வைத்திருக்கிறது, ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. எழுத்துக்குச் செய்தது ஒலிக்கும் பரவலாக நடைபெறவேண்டுமானால் ஊர்தோறும் பதிவை வாசிக்கத்தக்க கருவி வேண்டும். கருவியைத் திருத்தத்தக்க கை வேண்டும். திருத்துனர்களின் தலைமுறை முதுமையடைந்து வருகிறது. அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் இல்லை. அவர்களுடைய விரல்களிலும் காதுகளிலும் இருக்கிறது.

வைத்திருக்கத் தகாத பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைக் குப்பையோடு வெற்றுக் காணியில் எறிவது நம்மை நாமே நஞ்சூட்டுவதாகும். பழைய பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. ஆறில்லாத நமது குடாநாடு சுண்ணக்கல்லின் கீழ் தேங்கும் மழைநீரையே குடிக்கிறது. மேலே எறிந்தது கீழே கிணற்றுக்குப் போய்ச்சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே எறியவேண்டிய பெட்டியை முதலில் திருத்துனரிடம் கொடுக்கவேண்டும். நிலைமாற்றியும் திருகுகளும் வெப்பந்தாங்கும் அலுமினியத் தகடும் இன்னொரு பெட்டியில் மறுவாழ்வு பெறும். எஞ்சியதை மின்னணுக் கழிவாகச் சேர்ப்போரிடம் ஒப்படைக்கவேண்டும்.

இனி, வீட்டு விவாதத்துக்கு நமது தீர்ப்பைச் சொல்லலாம். வெளிநாட்டில் என்ன விலை என்பது கேள்வியன்று. அப்பா வாங்கியது என்பதும் தனியே போதிய காரணமன்று. அது பேச வைக்கக்கூடிய குரல் ஏதேனும் உண்டா, அதிலிருந்து கற்கும் பிள்ளை யாரேனும் உண்டா என்பதே கேள்வி. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பெட்டியைத் தனிச்சொத்தாகப் பூட்டி வைத்திருப்பதைவிட, ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் ஒரு நல்ல அம்பிளிபயரும் ஓர் இசைத்தட்டு இயக்கியும் ஒரு நாடா இயந்திரமும் ஒரு கணினியும் பொதுச்சொத்தாக இருப்பது எவ்வளவோ மேல்.

இதற்குப் பெரிய நிதியோ அமைச்சரின் திறப்புவிழாவோ தேவையில்லை. ஆசிரியர்கள் தமது வகுப்பு மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கலாம். வீட்டிலும் அயலிலும் உள்ள பழைய ஒலிக்கருவிகளையும் நாடாக்களையும் பட்டியலிடச் செய்யலாம். கருவி வந்த ஆண்டையும் வந்த வழியையும், நாடாவில் பேசுபவர் யார் என்பதையும் பெரியவர்களைக் கேட்டு எழுதச் செய்யலாம். ஊரிலுள்ள திருத்துனரைப் பாடசாலைக்கு அழைத்து ஒரு பெட்டியை மாணவர் முன்னிலையில் திறந்து காட்டச் செய்யலாம். அவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையையும் உழைப்புக்குரிய ஊதியத்தையும் கொடுக்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் அடுத்த முறை படலைக்கு வருவதற்கு முன்னர் இவ்வேலை தொடங்கப்படவேண்டும். நாடாவில் இருக்கும் குரல்களுக்குச் சொந்தக்காரர் பலர் இன்று உயிரோடில்லை. அவற்றை அடையாளம் கண்டு பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.